மணம் வரும் வரை வதக்கவும்

சின்ன வெங்காயத்தைத் தோலுரித்துப் பையில் அடைத்து அனுப்புகிறவன் எவனோ, அவனை நேரில் பார்த்து இரண்டு கேள்வி கேட்க வேண்டும் போலிருந்தது பிரமநாயகிக்கு. ஏனய்யா, இதை எப்போது உரித்தாய், எந்தக் கையால் உரித்தாய், அந்தக் கை அதற்கு முன்னால் எதைத் தொட்டது? உரித்த வெங்காயம் காற்றுப் பட்டால் வாடிச் சுருங்கிவிடும் என்று உங்கள் வீட்டில் யாரும் சொல்லவில்லையா? வெங்காயம் மட்டுமா, முருங்கைக்காயை ஒரே நீளத்தில் வெட்டி வைத்திருக்கிறான், ஸ்கேல் வைத்து வெட்டியிருப்பான் போல. இஞ்சியும் பச்சை மிளகாயும் அரைத்து ஒரு பாக்கெட். எலுமிச்சைச் சாறு ஒரு குட்டிப் புட்டியில். பாசிப்பருப்பு ஒரு பாக்கெட். எல்லாவற்றுக்கும் அடியில், வெட்கமே இல்லாமல், தேங்காய்ப்பால் பவுடர். சொதிக்குப் பவுடர்! கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாரை உட்கார வைத்துப் பரிமாறுகிற சொதி, தேங்காயைத் துருவி முதல் பால் இரண்டாம் பால் மூன்றாம் பால் என்று மூன்று பாத்திரத்தில் பிழிந்து வைத்து, அடுப்பை விட்டு நகராமல் நின்று பண்ணுகிற சொதி, அதைத் திருநெல்வேலியிலிருந்து இத்தனை தூரம் வந்து மேடவாக்கத்து நான்காவது மாடியில் அட்டைப் பெட்டிக்குள் பார்க்க வேண்டும் என்று தலையில் எழுதியிருந்திருக்கிறது. பெட்டியின் மேலே ஒரு பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் தலையில் பூவும் இல்லை, கையில் கரண்டியும் இல்லை. எதற்குச் சிரிக்கிறாளோ தெரியவில்லை.

கூடத்தில் டி.வி. முன்னால் இருந்து கணவர் சிதம்பரம் குரல் கொடுத்தார். "பிரமு, என்ன, பெட்டியோட சண்ட போடுதியா? வந்தத வச்சுப் பண்ணிர வேண்டியதுதான? ஒனக்குந்தான் வேல மிச்சம்." வேலை மிச்சம். இந்த மனுஷன் மின்சார வாரியத்தில் இருந்தவரைக்கும் வேலையை மிச்சம் பிடித்துத்தான் சம்பளம் வாங்கினார், அதனால் எல்லோருக்கும் அதுதான் வேண்டும் என்று நினைப்பு. "எனக்கு வேல மிச்சமாகணும்னு உங்க கிட்ட யாரு வந்து அழுதா அத்தான்?" என்று கேட்டாள். மருமகள் யாழினி காலையில் ஆபீசுக்குக் கிளம்பும்போது செருப்பைப் போட்டுக்கொண்டே சொன்னாள், "அத்தை, சாயங்காலம் ஒரு பார்சல் வரும். சமையல் சாமான். எல்லாம் அளந்தே இருக்கும், நீங்க சிரமப்பட வேண்டாம்" என்று. முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை, செருப்பைப் பார்த்துச் சொன்னாள். இன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்கு யாழினியின் அப்பாவும் அம்மாவும் வேலூரிலிருந்து வருகிறார்கள். மகன் குமரேசன் அவர்களை ஸ்டேஷனில் போய்க் கூட்டிக்கொண்டு வருவான். சம்பந்தி வீட்டுக்காரர்கள் வருகிற நாளில் அளந்து அனுப்பிய சாமான்! போன தடவை அவர்கள் வந்தபோது வத்தக்குழம்பு வைத்திருந்தாள். அந்த அம்மா சாப்பிட்டு முடித்து, கை கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டு, எவ்வளவு பாசமாகச் சொன்னாள்: "உடம்புக்கு முடியலன்னா சும்மா இருங்க சம்பந்தி, எதுக்கு இழுத்துப் போட்டுச் செய்றீங்க." யாருக்கு உடம்புக்கு முடியவில்லை? கிண்ணென்று இருக்கிறாள் பிரமநாயகி. நாலு மாடியும் லிப்ட் வேலை செய்யாத நாளில் படியேறி வருகிறாள். அப்போது புரியவில்லை. அந்த மனிதர், யாழினியின் அப்பா, செம்பைத் தூக்கித் தூக்கித் தண்ணீர் குடித்ததும் அப்போது கண்ணில் படவில்லை. இப்போது படுகிறது. நடந்தபோது விட்டுவிட்டு நாள் கழித்துப் படுகிறதே, அதுதான் எரிச்சல்.

எரிச்சலோடு எரிச்சலாகப் பருப்பைக் குக்கரில் வைத்துவிட்டுப் பெட்டியைக் கவிழ்த்தாள். மூலையில் ஒட்டிக்கொண்டிருந்த கடைசிப் பொட்டலம் பொத்தென்று விழுந்தது. மேலே ஒட்டியிருந்த சீட்டில் 'உப்பு' என்று போட்டிருந்தது. கை அதைத் தொடாமல் நின்றது. உப்பு. இந்த வீட்டில் உப்பு இல்லையா? ஜாடி நிறையக் கல்லுப்பு இருக்கிறது, அது இந்த அடுப்படியில் எந்த இடத்தில் இருக்கிறது என்று விளக்கை அணைத்துவிட்டுக் கேட்டாலும் கை போகும். அவள் பிறந்த வீட்டிலும் சரி, வாழ்க்கைப்பட்ட வீட்டிலும் சரி, சமைக்கிறவள் சமைக்கும்போது ருசி பார்க்கிற வழக்கம் கிடையாது. சாமிக்கு வைக்கும் முன்னால் நாக்கில் பட்டால் எச்சில். அப்புறம் உப்பு சரியாக இருக்கிறதா என்று எப்படித் தெரியும்? கொதி வரும்போது குனிந்து ஆவியை முகர்ந்தால் தெரியும். உப்புக் குறைந்த குழம்பின் ஆவி சப்பென்று, வெறும் காய் வெந்த வாசனையாக வரும். உப்பு சரியாக விழுந்துவிட்டால் வாசனை எழுந்து நிற்கும். சொல்லிக் கொடுத்து வருவதில்லை இது, அவளுக்கு வந்திருந்தது. நூறு பேர் பந்திக்குச் சொதி வைத்த நாளிலும் ஒரு சொட்டு நாக்கில் விட்டதில்லை. யாழினி இந்த வீட்டுக்கு வந்த புதிதில், பாவம் அது வளர்ந்த விதம் அப்படி, ரசத்தைக் கரண்டியில் மொண்டு, ஊதி, உறிஞ்சிப் பார்த்துவிட்டு, அதே கரண்டியைத் திரும்பப் பாத்திரத்துக்குள் போட்டாள். பிரமநாயகி பாத்திரத்தை எடுத்து ரசம் முழுவதையும் தொட்டியில் கொட்டிவிட்டு, புளியைக் கரைக்க ஆரம்பித்தாள். அந்தப் பெண் அப்படியே நின்றது. "உப்புப் பாக்காம எப்படி அத்தை?" என்று மட்டும் கேட்டது. "மோந்து பாத்தாத் தெரியாதா? மூக்கு எதுக்கு இருக்கு?" என்றாள் பிரமநாயகி. அதற்கப்புறம் யாழினி இந்த அடுப்படியில் ஒரு துளியும் நாக்கில் வைத்ததில்லை. அப்படிப்பட்ட வீட்டுக்கு, அப்படிப்பட்டவளுக்கு, உப்பைப் பொட்டலம் கட்டி அனுப்புகிறார்கள். ஆனால் இருக்கட்டும் என்று ஒரு மனம் மெல்ல நழுவியது. அளந்து வந்திருக்கிறது. இதையே போட்டுவிட்டால் யாரும் எதுவும் சொல்ல முடியாது. அந்த நினைப்பு வந்த உடனே அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது. பொட்டலத்தைத் தூக்கிக் கடுகு டப்பாவுக்குப் பின்னால் எறிந்தாள்.

வாணலியில் தேங்காயெண்ணெய் விட்டு வெங்காயத்தையும் பூண்டையும் போட்டாள். பெட்டிக்குள் ஒரு வழவழப்பான அட்டையும் வந்திருந்தது, படம் போட்டு, எதற்கடுத்து எது என்று. படிக்கக் கூடாது என்றுதான் இருந்தாள். ஆனால் மேடை மேல் மல்லாக்கக் கிடக்கிறதே, கண் சும்மா இருக்குமா? 'வெங்காயம், பூண்டு சேர்த்து மணம் வரும் வரை வதக்கவும்.' மணம் வரும் வரை! அடப் பாவிகளா, எல்லாவற்றையும் அளந்தீர்களே, இதையும் அளந்து தொலைத்திருக்கக் கூடாதா? இத்தனை நிமிஷம் என்று போட்டிருந்தால் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பாளே. எண்ணெய் சடசடத்தது. வெங்காயம் ஓரம் சிவந்தது. குனிந்தாள். சூடு முகத்தில் அடித்தது, அவ்வளவுதான். வெந்நீர் அண்டா முன்னால் குனிந்தால் எப்படி இருக்குமோ அப்படி. தை மாதம் வந்த காய்ச்சலோடு போனது. மற்றதெல்லாம் திரும்பி வந்தது, மேல்வலி விட்டது, பசி வந்தது, தூக்கம் வந்தது, இது மட்டும் வரவில்லை. முதலில் மூக்கடைப்பு என்று நினைத்தாள். ஆவி பிடித்தாள், கற்பூரவல்லி இலையைக் கசக்கினாள், கசக்கின இலை வெறும் பச்சை ஈரமாகக் கையில் இருந்தது. மல்லிகைப்பூ வாங்கினாள், தலையில் வைத்தாள், கனம் தெரிந்தது. நாளைக்கு வந்துவிடும் என்று ஒவ்வொரு நாளும் நினைத்தாள். யாரிடமும் சொல்லவில்லை. என்னவென்று சொல்வது? கண் தெரியவில்லை என்றால் ஒரு பேச்சு, காது கேட்கவில்லை என்றால் ஒரு பேச்சு. மூக்கு போய்விட்டது என்றால் சிரிப்பார்கள். சிரித்து முடித்துவிட்டு, அப்படியானால் நீ அடுப்படிக்கு வர வேண்டாம் என்பார்கள். சமைக்க ஆள் போடுவார்கள். யாரோ ஒருத்தி வந்து ஜாடி ஜாடியாகத் திறந்து பார்த்து, இது என்னம்மா அது என்னம்மா என்று கேட்பாள். பிரமநாயகி கூடத்தில் அத்தானுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து டி.வி. பார்க்க வேண்டும். சாகிற வரைக்கும் டி.வி. பார்க்க வேண்டும்.

வெங்காயத்தின் நிறத்தைப் பார்த்து, போதும் என்று முடிவு பண்ணி, இஞ்சி மிளகாய் விழுதைப் போட்டு, காயைக் கொட்டி, பவுடரை நீர்க்கக் கரைத்து ஊற்றினாள். பவுடர் பால் வெள்ளையாகத்தான் இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். அடுப்பைக் குறைக்கக் குமிழைத் தொட்டாள். இந்தக் குமிழ்தான். போன வாரம், சாயங்காலம். பால் பொங்கி அடுப்பு அணைந்திருக்கிறது. அவள் அந்தப் பக்கம் திரும்பி நின்று கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். வாசல் கதவு திறந்தது, யாழினி கைப்பையைத் தரையில் போட்டுவிட்டு ஓடி வந்தாள், குமிழைத் திருகினாள், ஜன்னலையெல்லாம் திறந்தாள், அவள் கையைப் பிடித்துத் தரதரவென்று பால்கனிக்கு இழுத்துக்கொண்டு போனாள். மருமகள் அவளைத் தொட்டு இழுத்தது அதுதான் முதல் தடவை. "கேஸ் நாத்தம் தெரியலையா அத்தை?" என்றாள், மூச்சு வாங்கிக்கொண்டு. "தடுமம் பிடிச்சு மூக்கு அடைச்சிருக்கு" என்றாள் பிரமநாயகி. மூக்கை உறிஞ்சியும் காட்டினாள். யாழினி அவள் மூக்கையே பார்த்தாள். அதற்கப்புறம் அதைப் பற்றி ஒரு பேச்சு இல்லை. குமரேசனிடம் சொல்லியிருப்பாளா? அத்தானிடம்? இன்றைக்குக் கேட்பார்கள், நாளைக்குக் கேட்பார்கள் என்று இருந்தாள். கேட்டிருந்தால் கூடப் பரவாயில்லை. திட்டியிருந்தால் கூடப் பரவாயில்லை. பெட்டி வந்திருக்கிறது. கேள்வி இல்லை, கேள்விக்குப் பதிலாகப் பெட்டி. ராத்திரி தூக்கம் பிடிக்காமல் எழுந்து போய்க் குமிழைத் தடவித் தடவிப் பார்க்கிறாளே, அதற்குப் பெட்டி. இப்போதும் தீ நீலமாக எரிகிறதா என்று குனிந்து பார்த்தாள். எரிந்தது. இன்னொரு தடவை பார்த்தாள்.

எத்தனை நாளாகத் தெரியும் இவர்களுக்கு? அதுதான் கேள்வி. காய் வேகிற சத்தத்துக்கு நடுவே ஒவ்வொன்றாக வந்து முன்னால் நின்றது. குமரேசன், அவள் வயிற்றில் பிறந்தவன், பாதிச் சோற்றில் கையை உதறிக்கொண்டு "ஆபீஸ்ல லேட்டாச் சாப்ட்டேம்மா" என்றது. அத்தான் எல்லாவற்றிலும் தயிரை ஊற்றிப் பிசைந்தது. சாம்பாரில் தயிர் ஊற்றுகிற மனுஷனை உலகத்தில் யாராவது பார்த்திருக்கிறார்களா? "என்ன அத்தான் இது" என்று கேட்டதற்கு "வயிறு சூடாருக்கு பிரமு" என்றார். அவள் அன்றைக்கு வெந்தயம் ஊற வைத்துக் கொடுத்தாள். குடித்தாரே! எப்படி இருக்கு என்று அவள் கேட்காத நாள் இல்லை. நல்லா இருக்கு என்று அவர்கள் சொல்லாத நாள் இல்லை. நல்லா இருக்கும்மா, நல்லா இருக்கு பிரமு, நல்லா இருக்கு அத்தை. சமைத்துவிட்டு, எல்லோரும் சாப்பிட்ட பிறகு அவளும்தானே உட்கார்ந்தாள்? அவளுக்குச் சோறு ஈரப் பஞ்சாக இருந்தது, எல்லாமே ஒன்றுபோல் இருந்தது. உறைப்பா கரிப்பா என்று பிரித்துப் பார்க்கிற அக்கறையே விட்டுப்போயிருந்தது. மோர் விட்டு விழுங்கிவிட்டு எழுந்துவிடுவாள். அப்படியே உப்பு ஏறியிருக்கிறது, நாளுக்கு நாள். மணம் எழுந்து நிற்க வேண்டுமே என்று கை இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று போட்டிருக்கிறது. அமாவாசைச் சாப்பாடு கூட அப்படித்தானே போயிருக்கும்? வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை சாமிக்கு வைத்தாளே, அவரும் கரிக்கக் கரிக்கச் சாப்பிட்டுவிட்டுப் பேசாமல்தானே இருந்தார்? ஒருத்தருக்கு, ஒரே ஒருத்தருக்கு, பிரமநாயகி இன்றைக்கு உப்பு கூட என்று மூஞ்சிக்கு நேரே சொல்ல நா எழவில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பாள், ஆமாம், போட்டிருப்பாள். சண்டை போட்டுவிட்டு அடுத்த நாள் குறைத்திருப்பாள். அதற்குக் கூட லாயக்கில்லாதவள் என்று முடிவு பண்ணிவிட்டார்கள். குழந்தையையும் கிழவியையும் ஏமாற்றுகிற மாதிரி, நல்லா இருக்கு, நல்லா இருக்கு.

பருப்பைக் கடைந்து சேர்த்தாள். கெட்டியாகக் கரைத்த பாலை ஊற்றி, ஓரத்தில் நுரை கட்டியதும் அடுப்பை அணைத்தாள். கொதிக்க விட்டால் திரிந்துவிடும், அந்த நேரம் மட்டும் கண்ணுக்குத் தெரியும், அதில் தப்பவில்லை. எலுமிச்சைச் சாற்றை விட்டுக் கலக்கினாள். மஞ்சள் பாய்ந்த வெள்ளையில், முருங்கைக்காய் மிதக்க, பார்க்கச் சொதியாகத்தான் இருந்தது. மூடப் போன கை அந்தரத்தில் நின்றது. உப்புப் போட்டோமா? காயைப் போட்டவுடன் போட வேண்டியது. காயைப் போட்டோம், பாலை ஊற்றினோம், குமிழைத் திருகினோம், அப்போது பால்கனியை நினைத்துக்கொண்டிருந்தோம். பொட்டலத்தைத் தூக்கி எறிந்தது ஞாபகம் இருக்கிறது. ஜாடியைத் திறந்தது? திறந்த மாதிரியும் இருக்கிறது. ஆனால் அது இன்றைக்கா, காலையில் சாதத்துக்கா? உள்ளங்கையைப் பார்த்தாள். கல்லுப்பு அள்ளினால் கொஞ்சம் ஒட்டியிருக்கும், ஆனால் கையைத்தான் இடையில் கழுவியாகிவிட்டதே. ஜாடி மூடி சரியாக உட்கார்ந்திருந்தது, அதுவும் ஒன்றும் சொல்லவில்லை. வெறி பிடித்தவள் மாதிரி பாத்திரத்தின் மேல் குனிந்து மூச்சை இழுத்தாள். இழுத்துக்கொண்டே இருந்தாள். ஆவி மூக்குக்குள் போய்ச் சுட்டது. வேறொன்றும் இல்லை. போடாமலிருந்து போடாமலே வைத்தால் ஒரு மானக்கேடு. போட்டிருந்து மறுபடி போட்டால் வத்தக்குழம்புக் கதை. இன்னும் கொஞ்ச நேரத்தில் சம்பந்தியம்மா முந்தானையில் கை துடைத்துக்கொண்டு பாசமாக வாயைத் திறப்பாள். நாக்கில் ஒரு சொட்டு விட்டால் தெரிந்துவிடும். ஒரே ஒரு சொட்டு. யாரும் பார்க்கவில்லை. கரண்டியை எடுத்தாள். கை மேலே வர மறுத்தது. இத்தனை வயதுக்கு அது பழகியிருந்தது அப்படி.

பூட்டில் சாவி திரும்பியது. யாழினிதான். நேரே அடுப்படி வாசலில் வந்து நின்றாள், கைப்பை தோளிலேயே தொங்க. வந்தவுடன் மூச்சை ஒரு தடவை மெல்ல இழுத்துப் பார்த்தாள். பிரமநாயகி அதைப் பார்த்துவிட்டாள். கேஸைத்தான் பார்க்கிறாள். தினமும் இப்படித்தான் வந்து பார்த்துவிட்டுப் போகிறாளா?

"அவங்க டாக்ஸி பக்கத்துல வந்துடுச்சாம் அத்தை. முடிஞ்சிதா? நான் அப்பளம் பொரிக்கட்டா?"

"அப்பளம் கெடக்கட்டும். இங்க வா." குரல் தனக்கே கேட்காத மாதிரி இருந்தது. "எனக்கு வாசன தெரியல. காய்ச்சல் வந்ததுல இருந்து தெரியல. போதுமா? ஒனக்குத் தெரியும்லா?"

யாழினி கைப்பையைத் தோளிலிருந்து இறக்கினாள். "தெரியும் அத்தை" என்றாள்.

"தெரியும்னா ஏன் சொல்லல? வாயில என்ன கொழுக்கட்டையா? எல்லாரும் சேந்து ஒரு மனுசிய..." கரண்டியை மேடையில் வைத்தாள். "யார் யார் கிட்டச் சொன்ன?"

"யார்கிட்டயும் சொல்லல. நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

"அதுக்குப் பெட்டி அனுப்புவியா?"

"நான் வேற என்ன அத்தை பண்றது?" யாழினிக்கும் குரல் ஏறியது. இந்த வீட்டில் அது ஏறி அவள் கேட்டதில்லை. "சாப்பாட்டுல உட்காரும்போதுதான் உப்பு தெரியும், அதுக்கப்புறம் ஒண்ணும் பண்ண முடியாது. அடுப்புல இருக்கும்போதே வாயில வச்சுப் பாத்துச் சொல்லலாம்னா நீங்க கொட்டிடுவீங்க. மோந்து பாத்துச் சொல்ல எனக்கு வராது. அளந்து வந்துதுன்னா யாருமே நாக்குல வச்சுப் பாக்க வேண்டாம். அதான் வாங்கினேன்."

பிரமநாயகி மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த ரசம் தொட்டியில் இறங்கிய சத்தம் இத்தனை வருஷம் கழித்து இப்போது கேட்டது. கோபம் எங்கேயும் போய்விடவில்லை, அங்கேயேதான் இருந்தது. யார் மேல் என்பதில்தான் தடுமாற்றம்.

கரண்டியில் கொஞ்சம் மொண்டாள். "கைய நீட்டு, ஏட்டி" என்றாள். அவளை ஏட்டி என்று கூப்பிட்டதில்லை, எப்போதும் 'வாம்மா, போம்மா'தான்.

"எச்சில் அத்தை."

"நீட்டுன்னா நீட்டு. கையில வாங்கிக் குடிச்சா கரண்டி எச்சில் ஆகாது. ஆனாலும் ஆயிட்டுப் போகுது."

யாழினி உள்ளங்கையைக் குவித்து வாங்கி, ஊதி, உறிஞ்சினாள். முகம் ஒரு பக்கமாகக் கோணியது. "உப்பே போடல அத்தை."

"சிரிக்காத."

"சிரிக்கல."

பிரமநாயகி ஜாடியைத் திறந்து ஒரு கை அள்ளினாள். அள்ளினதில் பாதியைத் திரும்ப ஜாடியிலேயே உதிர்த்தாள். போட்டுக் கலக்கி, கரையட்டும் என்று நின்று, மறுபடி ஒரு சொட்டு யாழினியின் கையில் விட்டாள். "இன்னும் கொஞ்சம்" என்றாள் யாழினி. போட்டாள். "இப்ப சரியா இருக்கு." கூடத்திலிருந்து சிதம்பரம், "என்ன அங்க, மாமியாளும் மருமகளும் ரகசியம்?" என்றார்.

பிறகு பிரமநாயகி, யார் சொல்லியும் அல்ல, தன் இடது கையால் கரண்டியைப் பிடித்து, வலது உள்ளங்கையில் கொஞ்சம் விட்டுக்கொண்டாள். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள், திருடித் தின்பவள் மாதிரி. நாக்கில் வைத்தாள். உப்பு இருந்தது. நன்றாகத் தெரிந்தது, சரியாக இருந்தது. புளிப்பு இருந்தது. மிளகாய் சுள்ளென்றது. அப்புறம் மற்றதெல்லாம் வரும் என்று கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தாள், தேங்காய்ப்பால், இஞ்சி, வதங்கின பூண்டு. வரவில்லை. உப்பும் புளிப்பும் உறைப்பும் மட்டும் வெறும் வாயில் நின்றன. சொதி இல்லை.

"எப்படி இருக்கு அத்தை?"

"நல்லா இருக்கு" என்றாள் பிரமநாயகி.

யாழினி அவள் தோளைப் பிடித்து இந்தப் பக்கம் திருப்பினாள். முகத்தைப் பார்த்தாள். செருப்பைப் பார்க்கவில்லை, மூக்கைப் பார்க்கவில்லை, கண்ணைப் பார்த்தாள்.

"பொய் சொல்றீங்க அத்தை."

பெட்டி வந்ததிலிருந்து இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவள் இந்த வீட்டில் எல்லோர் மேலும் எரிந்துகொண்டிருந்தாள். இப்போது அது வந்து எதிரே நின்றபோது ஆமாம் என்று தலையை மட்டும்தான் ஆட்ட முடிந்தது. கீழே டாக்ஸிக் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. லிப்ட் மேலே ஏறி வந்தது. யாழினி அப்பளத்துக்கு எண்ணெய்ச் சட்டியை எடுத்து வைத்தாள். அடுப்பைப் பற்ற வைக்கும் முன்னால், மூச்சை ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, தீப்பெட்டியைப் பிரமநாயகியிடம் நீட்டினாள்.